"பேஸுக்கென்றே மாற்றியமைத்தது" என்று விற்கப்படும் பெடல்கள்: வாங்கும் முன் படிக்கவும்

கிட்டாருக்கான பெடலை (ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியை) வாங்கி, உள்ளே ஓரிரு பாகங்களை மாற்றிவிட்டு, "பேஸ் கிட்டாருக்கென்றே மாற்றியமைத்தது" என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நேர்மையாக வேலை செய்பவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எனக்கு விற்றவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவரிடம், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடலையும், அதோடு சேர்த்துப் பெடல்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை ஒன்றையும் வாங்கி, இரண்டிலும் ஏமாந்தேன். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும், பேஸ் வாசிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில், அவர் வாசித்துக் காட்டிய முறை. பேஸைக் கையில் எடுத்தது முதல் கீழே வைத்தது வரை அவருடைய விரல்கள் டி, ஜி ஆகிய இரண்டு தந்திகளிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிக்கு) மேலேயே உலவிக்கொண்டிருந்தன. ஜி தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட் 196 ஹெர்ட்ஸ். திறந்த இ தந்தியோ 41 ஹெர்ட்ஸ். ஆகவே நான் கேட்டது பேஸின் அடிப்பகுதியை அல்ல, கிட்டாரும் தொடக்கூடிய இடத்தைத்தான். பெடலை மிதித்தவுடன் ஒலி பளிச்சென்று முன்னால் வந்து நின்றதற்கும் காரணம் இருந்தது. அதன் லெவல் திருகு பாதிக்கு மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்ததால், பெடல் இயங்கும்போது ஒலியளவே கூடியது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதையெல்லாம் காது நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் திருகும் முக்கால் பங்கு திருப்பப்பட்டிருந்தது. இவை மூன்றையும் அன்றே என் கண் பார்த்தது. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

பேண்ட் ஒத்திகையில் முதல் பாட்டிலேயே குறை தெரிந்தது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் பாட்டின் அடித்தளம் கழன்று விழுந்ததுபோல் இருந்தது. கிக் டிரம் தனியாக நிற்க, என் வாசிப்பு கிட்டாருக்குள் போய் ஒளிந்துகொண்டது. டிரம்ஸ் வாசிப்பவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "நீ இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாயா?" என்று கேட்டார்.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, விரலில் அழுத்தம் போதவில்லை, பெடலில் குறை இல்லை" என்றார். மறுமுறை அழைத்தபோது, என்னுடையது பேட்டரியில் இயங்கும் சுற்று கொண்ட ஆக்டிவ் பேஸ் என்பதால் அதிலுள்ள 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும் என்றார். புது பேட்டரி போட்டுப் பார்த்தேன்; எதுவும் மாறவில்லை. மூன்றாம் முறை என் ஆம்ப்பைக் குறை சொன்னார். ஒவ்வொரு முறையும் பழி வேறொன்றின் மேல் போனதே தவிர, "கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்" என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

பெடலின் அடித்தகட்டில் நான்கு திருகாணிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தே கிழித்தேன். உள்ளே இருந்தது டியூப் ஸ்க்ரீமர் வகையைச் சேர்ந்த சுற்று. 1970களின் இறுதியில் கிட்டாருக்காக வந்த இந்தச் சுற்றைப் பலரும் நகலெடுத்து விற்கிறார்கள். நகல் என்பதில் எனக்குக் குறையில்லை. இந்தச் சுற்றில், ஒலியைப் பெருக்கிச் சிதைக்கும் பகுதியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் தொடராக நிற்கும். இவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸில் ஒரு எல்லைக்கோடு போடுகின்றன. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். கிட்டாருக்கு இது வரம், ஏனெனில் அடிப்பகுதியின் குழப்பம் நீங்கி நடுப்பகுதி துலக்கமாக ஒலிக்கும். பேஸுக்கோ, நடுப்பகுதி பல மடங்கு வளர்ந்து நிற்க, 41 ஹெர்ட்ஸில் பிறக்கும் இ தந்தியின் அடியொலிக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கிறது.

அந்தக் கெபாசிட்டரைப் பத்து மடங்கு பெரியதாக மாற்றியதாகவும், அதனால் எல்லைக்கோடு 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டதாகவும் விற்றவர் என்னிடம் கணக்கோடு சொல்லியிருந்தார். கணக்கு சரிதான். 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரின் முதுகில் 474 என்று இருக்க வேண்டும். மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள் கொண்ட ரெசிஸ்டரைக் கண்டுபிடித்து, அதனோடு தொடராக நிற்கும் கெபாசிட்டரை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். 473 என்று இருந்தது, அதாவது பழைய 0.047 மைக்ரோ ஃபாரட்டேதான். பலகையைத் திருப்பிப் பார்த்தால் ஈயப் பற்றுகள் அத்தனையும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தன. கையால் பற்றவைத்த இடத்தில் வழக்கமாகத் தங்கும் பழுப்புப் பிசுபிசுப்பு எங்கும் இல்லை. அந்தப் பெடலில் அவர் மாற்றியது மேலே ஒட்டிய பெயரை மட்டும்தான்.

பவர் சப்ளையின் கதை சுருக்கமானது. அதன் எட்டு முனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, அதாவது ஐசோலேட்டட், என்று சொல்லி விற்றார். ஒரு ஸ்தாயி தள்ளிய ஒலியைச் சேர்க்கும் டிஜிட்டல் ஆக்டேவ் பெடலும் இந்த ஓவர்டிரைவும் அதில் சேர்ந்து இயங்கியபோது, தந்தியைத் தொடாமலேயே "ஙீ" என்ற மெல்லிய இரைச்சல் கேட்டது. ஆக்டேவ் பெடலின் இணைப்பைப் பிடுங்கியதும் நின்றது. அதைச் சோதிப்பது எளிது. சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றி, பெடல்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளின் வெளிப்புற உலோகத்தைத் தொட வேண்டும். பெரும்பாலான பெடல்களில் நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ் என்பதால், உட்பகுதிகளையும் அதேபோல் தொட்டுப் பார்ப்பது நல்லது. உண்மையில் தனித்தனி முனைகளாக இருந்தால் மீட்டர் ஒலிக்காது. என்னுடையதில் எட்டு முனைகளுக்கும் ஒலித்தது. ஒரே கம்பியை எட்டாகக் கிளைவிட்டு, அழகான பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சாதாரண அனலாக் பெடல்கள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட கிளைக்கம்பியே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மீட்டரை அவர் மேசை மேலேயே வைத்து ஒலிக்கச் செய்ததும், வாதாடாமல் சப்ளைக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெடலை மட்டும் ஏற்க மறுத்தார். ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதாம், உள்ளே நானே எதையாவது மாற்றியிருப்பேனாம். பில்லைக் காட்டினேன். அதில் "பெடல் 1, அடாப்டர் 1" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எதை மாற்றினார், எந்த மதிப்புக்கு மாற்றினார் என்று எழுதி வாங்காதது முழுக்க என் தவறு. மாற்றப்பட்ட பெடலை வாங்குபவர்கள் அந்த ஒரு வரியை பில்லில் எழுதச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பலகையின் இரு பக்கங்களையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே வேலை செய்தவர் தன் கைவேலையைக் காட்டத் தயங்க மாட்டார். சோதித்துப் பார்க்கும்போது உங்கள் பேஸையே கொண்டு போய், ஆம்ப்பின் திருகுகளை நடுவில் வைத்து, பெடல் இயங்கும்போதும் இயங்காதபோதும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்துவிட்டு, திறந்த இ தந்தியை நீங்களே மீட்டுங்கள். ஐந்து தந்திப் பேஸ் என்றால் 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பி தந்தியையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு நானே 474 கெபாசிட்டரை வாங்கிப் பற்றவைத்துப் பார்த்தேன். அடியொலி வந்தது, ஆனால் டிரைவை, அதாவது சிதைவின் அளவை, கூட்டினால் இ தந்தி பொதபொதவென்று ஊதியதுபோல் ஆகி, சுருதியே பிடிபடவில்லை. அப்போதுதான் பேஸுக்கென வடிவமைக்கப்பட்ட பெடல்களில் தூய ஒலியைத் தனியாக விட்டு, சிதைந்த ஒலியோடு கலக்கும் திருகு ஏன் வைக்கப்படுகிறது என்பது விளங்கியது. போஸ் ஓடிபி-3இல் அதற்கு பேலன்ஸ் என்றும், டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் பிளெண்ட் என்றும் பெயர். அத்தகைய திருகு கொண்ட பெடல் ஒன்றைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். பழையதில் 473ஐ மீண்டும் போட்டு எங்கள் கிட்டாரிஸ்டிடம் கொடுத்தேன். இவ்வளவு நல்ல பெடலை ஏன் கொடுத்துவிட்டாய் என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் கேட்கிறார்.