காப்புரிமைச் சான்றிதழை நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன்

தெர்மாகோல் பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்கி, நடுவே கம்பி வைத்து கான்கிரீட் ஊற்றும் முறையில் வீடு கட்ட நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு விற்றவர் முதல் நாளே ஒரு காப்புரிமைச் சான்றிதழை மேசைமேல் வைத்தார். "இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு, யாரும் கேள்வி கேட்க முடியாது" என்றார். சான்றிதழ் உண்மையானதுதான். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். காப்புரிமை என்பது அடுத்தவரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. நாம் விற்கலாம் என்ற அனுமதி அல்ல. இவர் வாங்கியிருந்தது பிளாக்கின் உள்ளே இரண்டு பக்கத் தெர்மாகோல் பலகைகளையும் பிடிக்கும் பிளாஸ்டிக் இணைப்புக்கு. பிளாக்குகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள மேல் விளிம்பில் இருக்கும் பல் அமைப்பு தங்கள் காப்புரிமைக்குள் வருகிறது என்று வேறொரு நிறுவனம் இவருக்கு நோட்டீஸ் அனுப்பி அப்போதே நான்கு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் முழுப் பணத்தையும் வாங்கிய அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தகராறில் ஐந்தாவது வரிசையோடு சரக்கு நின்றுபோனது. சரி, வேறு கம்பெனி பிளாக்கை வைத்து முடிக்கலாம் என்று கொத்தனார் ஒன்றை ஏற்றிப் பார்த்தார். பல் பள்ளத்தில் உட்காரவில்லை, பல்லின் மேலேயே ஏறி நின்றது. நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஈரக் கான்கிரீட் தள்ளும்போது பலகைகள் விரியாமல் பிடிப்பது இணைப்பு. பிளாக் நகராமல் பிடிப்பது அந்தப் பல். "இப்படியே ஊற்றினால் சுவர் வெடித்துக்கொண்டு போகும்" என்று கீழே இறக்கிவிட்டார்.

அப்புறம்தான் வக்கீலிடம் போனேன். இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு கனடாவில் வெர்னர் கிரெகோரி என்பவர் விண்ணப்பித்தது 1966இல். காப்புரிமையின் ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். ஆகவே அடிப்படை யோசனை எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இன்றைய சண்டையெல்லாம் பல்லின் வடிவத்துக்கும் இணைப்புக்கும்தான். அமெரிக்காவில் இதே வகை பிளாக் விற்கும் ஏர்லைட் நிறுவனத்தின்மீது ஃபில்-இன்சுல் என்ற நிறுவனம் போட்ட காப்புரிமை வழக்கு அப்படித்தான். பல்லும் பள்ளமும் "ஏறத்தாழ ஒரே அளவு" என்றால் என்ன, "அடுத்தடுத்து" என்றால் என்ன என்பதற்கு, ஃபில்-இன்சுல் வேறு நிறுவனங்கள்மீது போட்ட முந்தைய வழக்கிலேயே நீதிமன்றம் பொருள் சொல்லிவிட்டது. அதை மறுபடி கிளற முடியாது என்று 2017இல் மேல்முறையீட்டிலும் ஃபில்-இன்சுல் தோற்றது. இரண்டு சொல்லில் நிற்கிற விஷயத்துக்கு விற்பனையாளரின் வாய்ச்சொல் எப்படி உத்தரவாதமாகும்?

சான்றிதழைக் காட்டினால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், எதற்கு உரிமை என்று எழுதியிருக்கும் உரிமைகோரல்களைப் படியுங்கள். உங்கள் நாட்டில் அது செல்லுமா, கட்டணம் கட்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, நோட்டீஸ் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வழக்கு வந்தால் நஷ்டம் விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பல நாடுகளில் காப்புரிமையை மீறிய பொருளைப் பயன்படுத்துவதும் மீறல்தான். ஒரு தளத்துக்கு வேண்டிய பிளாக் முழுவதும் வந்து இறங்காமல் முதல் வரிசையை வைக்காதீர்கள்.

வெயில் பட்டு என் பிளாக்குகள் மஞ்சளாகிவிட்டன. தேய்த்தால் பொடி உதிர்கிறது. பாதிப் பணம் தருகிறேன், இனி கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடு என்கிறார் விற்றவர். நான் கையெழுத்துப் போடவில்லை.