ட்ரையல் இலவசம், சந்தா ரகசியம்: ஒரு புதிர் விளையாட்டு வாங்கிய கதை

கம்ப்யூட்டரில் ஓடு பொருத்துவது, ஒரே நிறக் கற்களைச் சேர்ப்பது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடுவது மாதிரியான விளையாட்டுகளை, வாங்கும் முன் ஆடிப் பார்க்கத் தரும் தளங்கள் பல உண்டு. ‘ஒரு மணி நேரம் இலவசம், பிடித்தால் வாங்குங்கள்’ என்பார்கள். அப்படி ஒரு தளத்தில் அம்மாவுக்காக மாஜாங் என்ற ஓடு பொருத்தும் விளையாட்டு ஒன்றை வாங்கினேன். அதற்கான பணம் போனது, அது நியாயம். அதன் பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது.

தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பக்க அமைப்போடு வேறு பெயர்களிலும் சில தளங்களைப் பார்த்துவிட்டேன். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் நல்லவை என்று ஆகிவிடும். நடந்ததைச் சொல்கிறேன், எங்கே பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

முதலில் டவுன்லோட். பட்டனை அழுத்தியதும் வந்தது விளையாட்டே இல்லை, அளவைப் பார்த்தாலே தெரிந்தது. அது ஒரு டவுன்லோட் மேனேஜர். அதைத் திறந்தால்தான் விளையாட்டை இறக்கும். இறக்கும் முன், பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றலாமா, தேடுபொறியை மாற்றலாமா, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே எங்கள் கேம் சென்டரும் ஓடட்டுமா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பெரிதாகத் தெரியும் ‘எக்ஸ்பிரஸ்’ வழியில் போனால் இந்தக் கேள்விகள் கண்ணிலேயே படாது. பக்கத்தில் மங்கலான எழுத்தில் இருந்த ‘கஸ்டம்’ வழியில் போனதால் பார்த்து எடுத்துவிட்டேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சரக்கைப் பிடிக்கத்தான் அது இருக்கிறது.

அடுத்தது கடிகாரம். அறுபது நிமிடம் என்றால் ஆடும் நேரம் என்றுதானே நினைப்போம்? அம்மா விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு போன் பேசப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நேரம் கரைந்திருந்தது. “நான் இன்னும் ஆடவே ஆரம்பிக்கலையேடா, அதுக்குள்ள கால் மணி போச்சுங்குது” என்றார்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இப்படிப்பட்ட ட்ரையல்களில் பெரும்பாலும் முழு விளையாட்டும் நம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அதன் மேல் ஒரு உறை போட்டிருப்பார்கள். நேரத்தை எண்ணுவது, ‘முடிந்தது, வாங்குங்கள்’ என்று காட்டுவது எல்லாம் அந்த உறையின் வேலை. உள்ளே விளையாட்டில் நாம் நிறுத்து பட்டனை அழுத்தினால் அது உறைக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விளையாட்டு திறந்திருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் அது பார்க்கலாம். நாங்கள் இறக்கியது அந்த ரகம். மெனுவில் நிற்கும் நேரம், ஆரம்பக் கதைக் காட்சி, ஒலி அளவைச் சரிசெய்த நேரம் எல்லாமே கணக்கில் போனது. ஆட்டத்தை முழுக்க மூடினால்தான் கடிகாரம் நின்றது. பணம் கட்டும்போதும் புதிதாக எதுவும் இறங்காது, உறை விலகும், அவ்வளவுதான்.

சரி, மிச்ச நேரத்தில் விளையாட்டு எப்படி இருந்தது? பிரமாதமாக இருந்தது. சிக்கலே அங்கேதான்.

மாஜாங் ஓடு விளையாட்டு தெரியாதவர்களுக்காக: மொத்தம் 144 ஓடுகள். மேலே எதுவும் மூடாமல், இடப்பக்கமோ வலப்பக்கமோ திறந்திருக்கும் ஓடுகளில் ஜோடி பார்த்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் பிராடி லாக்கார்ட். 1981-ல் பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பில் எழுதினார். 1986-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை ‘ஷாங்காய்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஓடுகளைக் குலுக்கிக் கண்டபடி அடுக்கினால் எல்லா அடுக்கும் தீராது. பிரபலமான ‘ஆமை’ அடுக்கை எடுத்துக்கொண்டால், அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அனுமதித்தாலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 3 அடுக்குகளைத் தீர்க்கவே முடியாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்க்காமல் ஆடும் நமக்கு முட்டுச்சந்துகள் இன்னும் அதிகம். அதனால் அக்கறையோடு செய்பவர்கள், காலி அமைப்பில் தலைகீழ் வரிசையில் ஜோடி ஜோடியாக ஓடுகளை வைத்துக்கொண்டே வருவார்கள். அப்படி வைத்தால் தீர்ப்பதற்குக் குறைந்தது ஒரு வழியாவது கட்டாயம் இருக்கும்.

ட்ரையலில் வந்த அடுக்குகள் எல்லாம் சுகமாகத் தீர்ந்தன. சிக்கினாலும் ஓடுகளைக் கலைத்துப் போடும் பட்டனுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. குறிப்பு காட்டும் பட்டனும் அப்படித்தான். வாங்கிய பிறகு கதை மாறியது. கலைத்துப் போட ஓர் அடுக்குக்கு இத்தனை முறைதான். மேலே வேண்டுமானால் நாணயம் கொடுக்க வேண்டும், அந்த நாணயத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் இன்னொரு கடை! அப்புறம் முட்டுச்சந்துகளும் கூடிவிட்டன. அம்மா வருடக்கணக்காக மாஜாங் ஆடுபவர், அவர் கண்ணுக்கு உடனே தட்டுப்பட்டது. “முன்னாடி முடியற மாதிரி அடுக்கிக் கொடுத்தாங்க. இப்ப முடியாத மாதிரி அடுக்கறாங்க” என்றார்.

வேண்டுமென்றே அப்படி அடுக்கினார்களா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடிதான் விளையாட்டே இருந்தது. தோற்ற அடுக்கை மறுபடி ஆட வழி இல்லை, அடுக்குக்கு எண்ணும் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஃப்ரீசெல் சீட்டாட்டம் நினைவிருக்கிறதா? அதில் 32,000 ஆட்டங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். 1990-களில் ஆர்வலர்கள் இணையம் வழியே பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஆடி, 11982-ஆம் எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள். எண் இருந்ததால்தான் அந்தச் சரிபார்ப்பே முடிந்தது. இப்போதெல்லாம் ட்ரையலில் நான் முதலில் தேடுவது அதைத்தான்: அடுக்குக்கு எண் உண்டா, தோற்றால் அதே அடுக்கை மறுபடி தருகிறதா?

இனி பணம் கட்டும் பக்கம். இரண்டு பட்டன்கள் இருந்தன. பெரிய பச்சைப் பட்டனில் ‘உறுப்பினர் விலை’. கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக ‘இந்த விளையாட்டு மட்டும்’. நான் அழுத்தியது சின்னதை, அந்த விலையைத்தான் கட்டினேன். கார்டு எண், தேதி, பெயர் எல்லாம் நிரப்பி முடித்து உறுதி செய்யும் பட்டன் வரும் வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தப் பட்டனுக்கும் கீழே, திரையை நகர்த்தினால் மட்டும் தெரியும் இடத்தில், ‘என் சலுகைகளைச் செயல்படுத்துக’ என்று ஒரு வரி, டிக் போட்ட நிலையில். அந்த வரியில் மாதம் என்ற சொல்லும் இல்லை, சந்தா என்ற சொல்லும் இல்லை. அதன் மேல் அழுத்தினால் திறக்கும் விதிமுறைப் பக்கத்தில் எங்கோ நடுவில் இருக்கிறது: முதல் மாதம் இலவசம், அடுத்த மாதத்திலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படும். பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ரசீது மெயிலில் விளையாட்டின் பெயரும் அதன் விலையும் மட்டுமே இருந்தன. உறுப்பினர் ஆன தகவல், ‘உங்களுக்காக இந்த வாரப் புதிர்கள்’ என்ற விளம்பர மெயிலின் அடியில் ஒரு வாக்கியமாக வந்திருந்தது. கார்டு ஸ்டேட்மென்டிலும் தளத்தின் பெயர் வரவில்லை. சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனப் பெயர் வந்தது. தொகை மாதாமாதம் ஒரே அளவில் இருந்ததால்தான் கண்டுபிடித்தேன். சிறிய தொகை என்பதால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். அந்தத் தொகையை அவர்கள் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

எடுத்த பணத்துக்குப் பதிலாக மாதம் ஒரு ‘கிரெடிட்’ கணக்கில் ஏறியிருந்தது. அதை வைத்து வேறு விளையாட்டு எடுத்துக்கொள்ளலாம். சந்தாவை ரத்து செய்தால் எல்லா கிரெடிட்டும் காலி.

ரத்து செய்ய கணக்குப் பக்கத்தில் வழியே இல்லை. சாட்டில் பேச வேண்டும். முதலில் ஒரு தானியங்கி, விளையாட்டு ஓடவில்லையா, ஒலி வரவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஆள் வந்தார்.

“சார், உங்களுடைய சந்தாவைச் சில மாதங்கள் நிறுத்தி வைக்கட்டுமா?”

“வேண்டாம், ரத்து செய்யுங்கள். நான் சேரவே இல்லை.”

“புரிகிறது சார். உங்களுக்காக இரண்டு கிரெடிட் கூடுதலாகத் தருகிறேன், தொடரலாமா?”

“பணம் திரும்ப வேண்டும்.”

“கிரெடிட் வழங்கப்பட்டுவிட்டதால் பணம் திரும்பத் தர எங்கள் விதியில் இடமில்லை சார்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார். கடைசியில் உறுதி செய்ய ஒரு லிங்க் மெயிலில் வரும் என்றார். வந்தது. அழுத்தினால் காலாவதி என்றது. அடுத்த மாதமும் பணம் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு நேராக வங்கியிடம் போனேன். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியின் பக்கத்திலிருந்தே நிறுத்தச் சொல்லி, எடுத்த தொகைகளை மறுத்து எழுதிக் கொடுத்தேன். ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்வதற்கும் சந்தாவுக்கும் சம்பந்தம் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டோம், தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

ஆடிப் பார்த்து வாங்கும் முறையே மோசம் என்று சொல்ல வரவில்லை. 1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மனும் ஜிம் நாஃப்பும் தங்கள் மென்பொருள்களை, பயன்படுத்திப் பாருங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள் என்று விட்டதிலிருந்து வருகிற வழக்கம் இது. 2001-ல் வந்த, ஒரே நிறக் கற்களைச் சேர்க்கும் பிஜுவல்ட் விளையாட்டை பிரவுசரில் இலவசமாக ஆடிவிட்டு, வேண்டுமென்றால் முழுப் பதிப்பை வாங்கலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் கார்டு கேட்காமல் டெமோ தருபவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 2015-லிருந்து இந்த ஏற்பாடு உண்டு. அங்கே நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழா சமயத்தில் புதிர் விளையாட்டு டெமோக்களும் நிறைய வரும். ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் 30 நாள் வரை திருப்பலாம். புதிர்தான் வேண்டும், படமும் பாட்டும் முக்கியமில்லை என்பவர்கள் சைமன் டாத்தமின் புதிர்த் தொகுப்பைப் பாருங்கள். இலவசம், விளம்பரம் இல்லை, பிரவுசரிலேயே ஆடலாம். அதில் உள்ள கண்ணிவெடி விளையாட்டு, முதல் கட்டத்தைத் திறந்த பிறகு ஊகிக்காமலே முடிக்கக்கூடிய கட்டங்களை மட்டுமே தருகிறது. ஒவ்வொரு புதிருக்கும் ஓர் அடையாள எண்ணும் உண்டு. அம்மா இப்போது அதில்தான் இருக்கிறார், மாஜாங் இல்லையே என்ற குறையோடு.

வேறு எங்காவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், ட்ரையல் ஓடும் நேரத்திலேயே, கார்டு கொடுக்காமல், பணம் கட்டும் பக்கம் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். பக்கத்தின் அடி வரை நகர்த்துங்கள். உறுப்பினர், சலுகை, கிளப், கிரெடிட் என்று எது கண்ணில் பட்டாலும் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து ‘ரத்து’ என்ற சொல்லைத் தேடுங்கள். ரத்து செய்யும் வழி அங்கே தெளிவாக இல்லை என்றால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் வரம்பு வைக்கக்கூடிய கார்டையோ, ஒரு முறை மட்டும் செல்லும் மெய்நிகர் கார்டையோ பயன்படுத்துங்கள். உறுதி செய்யும் முன் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கி என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

இப்போதைய நிலவரம்: ரத்து கேட்ட பிறகு எடுத்த மாதத்தின் பணம் திரும்பி வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களுக்கான மறுப்பு வங்கியில் நிலுவையில் இருக்கிறது. தளத்துக்கு அனுப்பிய மெயில்களுக்கு ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்ற தானியங்கிப் பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வங்கி முடிவு சொன்னதும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் ஸ்டேட்மென்டில் என்ன பெயர் வந்தது என்று சொன்னால், மற்றவர்கள் தேடிப் பார்க்க உதவும்.