மொரிட்டேனியா: பாலைவன ஊரா, பறவைக் கடற்கரையா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டேனியாவில், ஒரு வார விடுப்பில் பாலைவனத்துப் பழைய ஊரான ஷிங்கெட்டிக்கும் கடலோரப் பறவைச் சரணாலயமான பாங் தார்கேன் தேசியப் பூங்காவுக்கும் சேர்த்துப் போக முயன்றால் பாதி நாட்கள் வண்டியிலேயே கழிந்துவிடும். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வழி
ஷிங்கெட்டி: தலைநகர் நுவாக்சோட்டிலிருந்து அத்தார் நகர் வரை தார்ச்சாலை; பிறகு மலையேறி ஏறத்தாழ 80 கி.மீ.
பூங்கா: நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மணல்தான். ஜீப்பும் வழி தெரிந்த ஓட்டுநரும் கட்டாயம்.

செலவு
ஷிங்கெட்டி: பங்கு டாக்சி கிடைக்கும், தனியாகப் போகிறவருக்கும் கட்டுப்படியாகும்.
பூங்கா: ஜீப் வாடகையைப் பகிர நாலு பேராவது வேண்டும்.

காண்பது
ஷிங்கெட்டி: பழைய சுவடி நூலகங்களின் கதவில் மரச்சாவியால் திறக்கும் மரப்பூட்டு, உள்ளே, ஓரம் அரித்த பழுப்புத் தாள்களில் கையால் எழுதிய குர்ஆன், வானியல் சுவடிகள். வெளியே தெருவை விழுங்கிக்கொண்டிருக்கும் மணல். இந்த ஊரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.
பூங்கா: குளிர்காலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள். இயந்திரப் படகுக்குத் தடை; அங்கு வாழும் இம்ராகன் இன மீனவர்கள் பாய்மரத்தில்தான் போகிறார்கள்.

இரண்டுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. ரொக்கத்தைத் தலைநகரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் முறை போகிறவருக்கு, தனியாகப் போகிறவருக்கு ஷிங்கெட்டி. தொலைநோக்கியும் துணைக்கு நண்பர்களும் இருந்தால், தயங்காமல் பூங்கா.