அண்ணனோட முதுகு ஆபரேஷன்: கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில பாத்தது

மெல்போர்ன்ல இருந்து கெளம்புனது கும்பாபிஷேகத்துக்கு, ஆனா லீவுல பாதி கோயம்புத்தூர் பிரைவேட் ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் போச்சு. பெரியப்பா பையனுக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டெல்லாம் அழற்சியாகிப் போகப் போக ஒட்டிக்கற நோய், சின்ன வயசுலயே வந்தது, வாதம்னு எண்ணெ தேச்சே பல வருஷம் ஓட்டிட்டாங்க. முதுகு ஒரே எலும்பா ஒட்டிக் கூன் விழுந்துருச்சு, எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியப் பாக்க முட்டிய மடக்கிப் பின்னாடி சாயணும்.

சர்ஜன் பேசுனத குறையே சொல்ல முடியாது. இடுப்புப்பக்க முதுகெலும்புல ஆப்பு வடிவத்துல வெட்டி எடுத்து கேப்ப மூடி ஸ்க்ரூ, ராடு போடுவாங்களாம், ஒரு எலும்புல வெட்டுனாலே சுமாரா 30 டிகிரி நிமிரும். நரம்புல அடிபட்டா கால் வராமப் போகலாம், நரம்பு மேல இருக்கற சவ்வு கிழிஞ்சு தண்ணி கசியலாம், ரத்தம் நிறைய போகும், எலும்பு வீக்கா இருக்கறதால ஸ்க்ரூ லூசாகலாம்னு எக்ஸ்ரேய வெச்சே காட்டுனாரு. "கழுத்தும் ஒட்டியிருக்கு, முழுசா நிமித்துனா படி எறங்கறப்ப காலடி தெரியாது, கொஞ்சம் குனிஞ்சாப்லயே விடுவேன்"னாரு, இதெல்லாம் நமக்கு எங்க தோணும். மயக்க டாக்டர் தனியா வந்து, கழுத்து வளையாததால முழிப்போடயே கேமரா வெச்சு தொண்டைக்குள்ள டியூப் விடணும்னு சொன்னாரு.

கடுப்பானது மத்த விஷயத்துலதான். ஆபரேஷன் நடக்கறப்பவே நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கற மானிட்டரிங் எஸ்டிமேட்லயே இல்ல, கேட்டா எக்ஸ்ட்ராங்கறாங்க. அண்ணி வேண்டாம்னு விடப் பாத்தாங்க, இதுல மிச்சம் புடிக்கக் கூடாதுன்னு நான்தான் கட்டச் சொன்னேன். இந்த நோய்க்கு அண்ணன் போட்டுக்கற அடாலிமுமாப் ஊசி எதிர்ப்பு சக்தியக் கொறைக்கும், அதனால இன்ஃபெக்ஷன் வராம இருக்க ஆபரேஷனுக்கு முன்னாடி அத எப்ப நிறுத்தறது, புண்ணு ஆறுனப்புறம் எப்ப ஆரம்பிக்கறதுன்னு மூட்டு டாக்டரும் சர்ஜனும் பேசிக்கிட்டதே அண்ணியோட வாட்ஸ்அப் வழியாத்தான்.

ஆபரேஷன் முடிஞ்சு கால் நல்லா அசைஞ்சுது, எல்லாரும் சாமி கும்பிட்டாச்சு. அப்புறம்தான் ஒரு ராத்திரி வயிறு உப்பி பச்சையா வாந்தி வாந்தியா எடுக்கறாரு, நைட் டூட்டி சிஸ்டர் கேஸ்தாங்கண்ணான்னு ஊசி போட்டுட்டுப் போய்ட்டாங்க, டூட்டி டாக்டரக் கூப்புடுங்கன்னா ரவுண்ட்ஸ்ல சொல்லுங்கங்கறாங்க. காலைல சர்ஜன் பாத்ததும் ஸ்கேன் எடுத்தாரு. உடம்பு நிமிந்ததுல வயித்துப் பக்கமும் இழுபட்டு, சிறுகுடலோட ஆரம்பம் ரெண்டு ரத்தக்குழாய்க்கு நடுவுல நசுங்கியிருக்கு, இந்த ஆபரேஷன்ல வரக்கூடியதுதானாம். மூக்குல டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏத்தி, இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சே சரி பண்ணிட்டாங்க. வரக்கூடியதுன்னா ராத்திரி வார்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கணும்ல? அவ்ளோ பெரிய தியேட்டர் கட்டி என்ன பண்ண.

டிஸ்சார்ஜ் அப்போ, எலும்பு கூடலைன்னா ராடு நாளாவட்டத்துல ஒடையலாம், எக்ஸ்ரேவுக்கு விடாம வரணும், சும்மா வழுக்கி விழுந்தாக்கூட இந்த மாதிரி முதுகு முறியலாம்னு பிசியோதெரபிஸ்ட் பாத்ரூம்ல கைப்புடி வெக்கச் சொன்னாங்க. அண்ணன் புல்லட் எப்ப ஓட்டலாம்னு அவங்ககிட்டயே கேட்டாரு, அண்ணி மொறச்ச மொறப்புல பதிலே வரல.