இரண்டு விமான நிறுவனங்கள் நின்றுபோன இரவுகள்: பழைய ஏஜென்சியா, வளரும் டிராவல் ஸ்டார்ட்அப்பா?

டிராவல் துறைக்குள் வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஏஜென்சியில சேரட்டுமா, ஸ்டார்ட்அப்புக்குப் போகட்டுமா?" நான் இரண்டிலும் குப்பை கொட்டியிருக்கிறேன். 2016லிருந்து ஆறு வருஷம் திருச்சியில் ஒரு டிக்கெட்டிங் ஏஜென்சி. முதலாளியைச் சேர்க்காமல் ஏழு பேர். 2022 ஆகஸ்டில் சென்னைக்கு வந்து, ஹாலிடே பேக்கேஜ் விற்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். அப்போது அங்கே நூற்று நாற்பது பேர் இருந்தோம். இரண்டே வருஷத்தில் நானூறைத் தாண்டிவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பெயர்கள் வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பளம் ஸ்டார்ட்அப்பில் அதிகம்; எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது, சென்னை வாடகையில் பாதி போனது. ஏஜென்சியில் முதலாளி எல்லோருக்கும் பாய், நாங்கள் அவருக்குப் பிள்ளைகள். ஸ்டார்ட்அப்பில் நிறுவனர் முதல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எனக்கு நாக்கு எழவில்லை. மீட்டிங் அறைகளுக்கெல்லாம் ஊர்ப் பெயர்: பாலி, பாரிஸ், ஓஸ்லோ. காபி இலவசம். ஏஜென்சியிலும் டீ இலவசம்தான், அது நான்கு மணிக்குத் தூக்குவாளியில் வரும்.

இதெல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும், நல்லதும் கெட்டதும். எது பழகாது என்றால், வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அந்த வேலை யாருடையது என்பதுதான். இதை நான் புரிந்துகொண்டது இரண்டு இரவுகளில்.

முதல் இரவு 2019 ஏப்ரல் 17. அன்றுதான் ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதற்குச் சில நாள் முன்பே வெளிநாட்டு விமானங்கள் நின்றுவிட்டதால் எங்கள் கவுண்டரில் ஏற்கெனவே கூட்டம். வளைகுடா டிக்கெட்தான் எங்கள் பிழைப்பு. பெரம்பலூர்க்காரர் ஒருவர், சவுதியில் தமாமில் வேலை, லீவுக்கு வந்தவர். சென்னை–மும்பை–தமாம் ஜெட் டிக்கெட். ரீஎன்ட்ரி, அதாவது சவுதிக்குத் திரும்பிப் போவதற்கான விசா, முடிய நான்கு நாள்தான் பாக்கி. அன்று என் அக்காவுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரவு பத்தே முக்காலுக்கு அவர் போன். "தங்கச்சி, ரீஎன்ட்ரி முடிஞ்சா என் வேலை போயிரும்." மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே பாய்க்குப் போன் அடித்தேன். அவர் கடையைத் திறந்து சிஸ்டத்தைப் போட்டார். கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் இரண்டு நாள் கழித்து ஒரு சீட் இருந்தது. விலை பழைய டிக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாய் தன் காசைப் போட்டு டிக்கெட் அடித்தார். ஜெட்டிலிருந்து ரீஃபண்ட் வரவே இல்லை. 2024 நவம்பரில் அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்தச் செய்தியை பாய் எனக்கு அனுப்பி, கீழே ஒரு கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? பயணியின் பக்கம் நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. என் பக்கம் வாருங்கள். ஏஜென்சியின் விசிட்டிங் கார்டில் இருந்தது என் சொந்த நம்பர். கடைக்கு லேண்ட்லைன் உண்டு, ஆனால் ஜனங்களுக்கு நம்பரைவிட ஆள் முக்கியம். "டிக்கெட் போட்ட பொண்ணு" நான். அந்த ஏப்ரல், மே முழுக்கத் தலையணைக்கு அடியில் போன் வைத்துக்கொண்டு தூங்கினேன். சவுதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே ஒருவர் வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகக் கூப்பிடும்போது இங்கே நடுராத்திரி. நான் எடுக்காவிட்டால் எடுக்க வேறு ஆள் இல்லை. பி.என்.ஆர். எது, யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் என்ன நிலைமை, எல்லாம் என் தலைக்குள்ளும் ஒரு நீல டைரிக்குள்ளும் இருந்தன. லீவு எடுத்தால் டைரியும் என்கூட லீவுக்கு வரும்.

இரண்டாவது இரவு 2023 மே 2. கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டு, மறுநாளிலிருந்து விமானங்களை நிறுத்துவதாக அறிவித்தது. கோடை விடுமுறை. எங்கள் காஷ்மீர், லே பேக்கேஜ்களில் பாதிக்கு மேல் அந்த விமானம்தான். ஸ்டார்ட்அப்பில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது எனக்கு. அரை மணி நேரத்தில் ஒரு ஷீட் திறந்தார்கள்: அடுத்த பத்து நாளில் பறக்க வேண்டியவர்களின் பெயர், புறப்படும் தேதி வரிசையில். மூன்று ஷிப்ட். நான் மதியம் ஒன்று முதல் இரவு பத்து.

என் கையில் வந்தது கோயம்புத்தூர்க் குடும்பம், ஆறு பேர், ஸ்ரீநகரில் இருந்தார்கள். நான்காம் தேதி டெல்லி திரும்ப வேண்டும். ஆறு சீட் ஒன்றாகக் கிடைக்கவில்லை. நான்கு கிடைக்கும், இரண்டு தொங்கும். விலை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பதே முக்கால் ஆகியும் முடியவில்லை. ஷிப்ட் விதிப்படி, அடுத்த ஷிப்டிடம் வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் குறிப்பு எழுதினேன். இன்னும் நினைவிருக்கிறது: "பெரியவருக்கு வீல்சேர். ஜம்முவரை ரோடு வேண்டாம் என்கிறார். மகனிடம் பேசவும், அப்பாவிடம் வேண்டாம், பதறுகிறார். ஆறு பேரையும் பிரிக்கக் கூடாது, தேதி தள்ளினால் பரவாயில்லை." இரவு ஷிப்ட்காரர் படித்தார், ஒரு சந்தேகம் கேட்டார், "சரி, நீங்க கிளம்புங்க" என்றார்.

கேப் வந்து வீட்டில் விட்டது. என்னால் சும்மா இருக்க முடியுமா? ஆறு வருஷப் பழக்கம். பன்னிரண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து லாகின் செய்தேன். இரண்டே நிமிஷத்தில் டீம் லீடிடமிருந்து மெசேஜ்: "வெளியே போங்க. ரெண்டு பேரும் ஒரே கேஸ்ல கை வச்சா டபுள் புக்கிங் ஆகும்."

கவனியுங்கள், "பாவம், ரெஸ்ட் எடு" என்று அந்த ஆள் சொல்லவில்லை. என் தூக்கத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. வேலையை அமைத்திருந்த விதத்தில் என் தூக்கம் தானாகக் கிடைத்தது, அவ்வளவுதான். பாய்க்கு என்மேல் நிஜமான பாசம் இருந்தது. அக்கா வளைகாப்புக்கு மோதிரம் வாங்கிக் கொடுத்தவர். ஆனாலும் அந்தக் கடையில் என்னால் தூங்க முடியவில்லை. காலையில் ஷீட்டைப் பார்த்தேன்: ஆறாம் தேதி இண்டிகோ, ஆறு பேரும் ஒன்றாக, நடுவில் இரண்டு இரவு ஹோட்டல், பக்கத்தில் பச்சை டிக்.

அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பம் சந்தோஷப்பட்டதா என்றால், இல்லை. டிக்கெட் வித்தியாசத்தை அவர்கள் தலையில்தான் கட்டினோம், ஹோட்டல் செலவில் பாதியை மட்டும் கம்பெனி ஏற்றது. மகன் எங்களுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார், கொடுத்தது நியாயம்தான். பாயாக இருந்திருந்தால் காசைப் போட்டிருப்பார். என் சொந்த அம்மா காசிக்குப் போகும்போது நான் பாயிடம்தான் டிக்கெட் எடுத்தேன். அது பயணியின் கணக்கு. இங்கே நாம் பேசுவது வேலை பார்ப்பவரின் கணக்கு.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதும் இதன் கிளைதான். ஏஜென்சியில் ஒரு முறை பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை முன்பின்னாக அடித்துவிட்டேன். விமான நிறுவனத்திடமிருந்து டெபிட் மெமோ, அதாவது தவறுக்குக் காசு கட்டச் சொல்லும் சீட்டு, வந்தது. நான்கு மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார் பாய், தீபாவளிக்கு அதைவிட அதிகமாகவே கையில் கொடுத்தார். ஸ்டார்ட்அப்பில் சம்பளத்தில் கை வைப்பதில்லை. ஒரு படிவம் வரும்: எப்படி நடந்தது, எந்தக் கட்டத்தில் தடுத்திருக்கலாம் என்று. அங்கே நான் செய்த ஒரு தவறுக்குப் பிறகு சிஸ்டத்தில் ஒரு சரிபார்ப்புப் பெட்டி சேர்த்தார்கள். ஆனால் வேலைக்குப் போடும் ஸ்கோர் இறங்கும், அந்தக் காலாண்டு இன்சென்டிவ் போகும். யாரும் திட்டவும் மாட்டார்கள், மன்னிக்கவும் மாட்டார்கள்.

சரி, ஸ்டார்ட்அப்பின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதுவரை நான்கு மேனேஜர்கள். ஒவ்வொருவருக்கும் நான் யார், என்ன செய்கிறேன் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர் போட்ட இன்சென்டிவ் விதியை அடுத்தவர் காலாண்டின் நடுவில் மாற்றினார். உழைத்தது ஒரு கணக்குக்கு, காசு வந்தது இன்னொரு கணக்குக்கு. ஆட்கள் வேகமாகச் சேர்ந்ததில் ஒரு கட்டத்தில் நாற்காலி இல்லாமல் புதியவர்கள் பாரிஸில் தரையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள். அப்புறம் ஓஸ்லோ. ஹெச்.ஆர். கூப்பிட்டு அனுப்பும் அறை அது. "அவன ஓஸ்லோவுக்குக் கூப்பிட்டாங்களாம்" என்றால் மேலே கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவு மூடியிருந்தால் எங்கள் தளமே மெதுவாகப் பேசும். ஏஜென்சியில் ஆறு வருஷத்தில் ஒருவரைக்கூட வேலையை விட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது 2020ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ச் கடைசியில் விமானங்கள் நின்றன. மே 25இல் உள்நாட்டு விமானங்கள் திரும்பின, ஆனால் எங்கள் வளைகுடா வியாபாரத்துக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பாய் ஏழு மாதம் எல்லோருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்தார். யாரையும் அனுப்பவில்லை. அதே வருஷம் ஜூனில் மேக்மைட்ரிப் போன்ற பெரிய நிறுவனமே சுமார் 350 பேரைக் குறைத்தது. என் ஸ்டார்ட்அப்பில் நான் பார்த்ததெல்லாம் வளர்ந்த வருஷங்கள்தான். மோசமான வருஷம் ஒன்று வந்து, அப்போதும் நான் வேலையில் இருந்தால், இந்த அலசலைத் திருத்தி எழுதுகிறேன்.

காகிதத்தில் ஸ்டார்ட்அப் பக்கம் தெளிவாகக் கூடுதல். இருபது பேருக்குக் குறைந்த கடையைப் பி.எஃப். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, பத்துப் பேருக்குக் கீழே என்றால் கிராஜுவிட்டி சட்டமும் கிடையாது. எங்கள் ஏழு பேருக்கு இரண்டும் இல்லை. நான் கிளம்பும்போது பாய் ஒரு கவர் கொடுத்தார், அது அவர் மனசு. மனசில்லாத முதலாளி என்றால் வெறுங்கை. ஸ்டார்ட்அப்பில் மாதாமாதம் பி.எஃப். ஏறுகிறது. ஈஸாப் பங்குக்கும், அதாவது கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமைக்கும், ஒரு கடிதம் தந்திருக்கிறார்கள். அதைப் பற்றி நான் அதிகம் பேச லாயக்கில்லை, ஒரு ரூபாய்கூட அதில் பார்த்ததில்லை. நான் படித்துப் பார்த்த அளவில், பங்கை நம் பெயருக்கு எடுக்கும்போதே அன்றைய மதிப்புக்கும் நாம் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி வரும். வேலையை விட்டால் எடுக்க எனக்கு 90 நாள்தான். கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சம்பளம் குறைந்தாலும் பங்கு இருக்கிறதே என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. நான் சொல்லும் ஷிப்ட் நிம்மதி, விற்ற பயணத்தை நடத்திக் கொடுக்கும் என் மாதிரி ஆபரேஷன்ஸ் ஆட்களுக்குத்தான். அதே தளத்தில் சேல்ஸில் இருக்கும் என் தோழிக்கு அது கிடையாது. ஹனிமூன் ஜோடி ஞாயிறு மதியம் கூப்பிட்டால் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அந்த வாடிக்கையாளர் அடுத்தவர் கைக்குப் போய்விடுவார், கமிஷனும் போகும். அவள் போன் திருச்சியில் என் போன் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஆகவே கம்பெனியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது, எந்த மேசை என்று பார்க்க வேண்டும். எல்லா ஸ்டார்ட்அப்பிலும் ஒழுங்கான ஹேண்ட்ஓவர் இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். முப்பது பேர் உள்ள இடத்தில் அது பாய் கடைதான், பாய் மட்டும் இல்லாமல்.

இன்டர்வியூவில் சம்பளம் பேசி முடித்த பிறகு இதைக் கேளுங்கள்: ராத்திரி பதினொன்றுக்கு ஒரு பயணி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால் அந்த அழைப்பு எந்த நம்பருக்கு வரும்? நான் கேட்டபோது, என்னை எடுத்த மேனேஜர் சிஸ்டத்தைத் திருப்பி யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அந்த வார ரோஸ்டரைக் காட்டினார். நான் சேர்ந்து மூன்றாம் மாதம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அது வேறு கதை. ரோஸ்டர் மட்டும் இருக்கிறது.

போன ரம்ஜானுக்குத் திருச்சி போனபோது கடைக்குப் போனேன். பாய் பிரியாணி டப்பாவைக் கட்டிக் கொடுத்தார். என் பழைய நாற்காலியில் ஒரு புதுப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். சாப்பிடாமல் யாருக்கோ குவைத் டிக்கெட்டின் தேதியை மாற்றிக்கொண்டிருந்தாள். கவுண்டரில் புது விசிட்டிங் கார்டு அடுக்கி வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். லேண்ட்லைனுக்குக் கீழே அவளுடைய செல் நம்பர்.