லேடெக்ஸா, நைட்ரைலா, வினைலா: கை அரிக்கிறவர்கள் எதைப் போடுவது?

வார்டில் யாராவது கிளவுஸ் போட்டால் கை அரிக்கிறது என்று சொன்னால், உடனே வரும் பதில் "நைட்ரைலுக்கு மாறிடு". இயற்கை ரப்பரான லேடெக்ஸை விட்டு, செயற்கை ரப்பரான நைட்ரைலுக்கு நானும் மாறினேன். மூன்று மாதம் கழித்தும் மணிக்கட்டில், கிளவுஸின் சுருண்ட விளிம்பு படும் இடத்தில், வளையல் போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு, செதில் செதிலாக உரிந்துகொண்டே இருந்தது.

லேடெக்ஸில் தொல்லை இரண்டு. ரப்பர் பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல் வரை போகும். அவர்களுக்கு நைட்ரைல்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து அரித்து, வெடித்து, நீர்க்கொப்புளம் வந்தால் காரணம் பெரும்பாலும் ரப்பர் சீக்கிரம் வெந்து இறுகச் சேர்க்கிற தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல் மாதிரியான ரசாயனங்கள்; இவற்றைத்தான் ஆக்ஸிலரேட்டர் என்பார்கள். இவற்றில் சில சாதாரண நைட்ரைலிலும் உண்டு. அப்புறம் எப்படிக் கை ஆறும்?

வினைல் ஒரு பிளாஸ்டிக்; அதற்கு இந்த ரசாயனங்கள் தேவையில்லை, விலையும் குறைவு. படுக்கை விரிக்க, ஐந்து நிமிட வேலைக்குப் போதும். ஆனால் தொளதொளவென்று இருக்கும், சீக்கிரம் கிழியும்; ரத்தம் எடுக்கவோ புற்றுநோய் மருந்து கலக்கவோ நான் அதை நம்ப மாட்டேன். உள்ளே பருத்தி உறை போடச் சொல்வார்கள். வியர்வைக்கு நல்லதுதான், ஆனால் அது நனைந்துவிட்டால் ரசாயனமும் சேர்ந்து ஊறி வரும்.

என் ஓட்டு ஆக்ஸிலரேட்டர் இல்லாத நைட்ரைலுக்கு. விலை கூடுதல், கேட்டு வாங்கித் தர வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெட்டியில் 'பவுடர் ஃப்ரீ', 'லேடெக்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், இரண்டுமே இது இல்லை. 'ஆக்ஸிலரேட்டர் ஃப்ரீ' என்றே இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். லேடெக்ஸுக்கான ரத்தப் பரிசோதனை புரத ஒவ்வாமையைத்தான் காட்டும், எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. பேட்ச் டெஸ்டில் சந்தேகப்படும் ரசாயனங்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருந்து, எடுத்த பிறகு இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எனக்குச் சிவந்தது கார்பமேட் ஒட்டிய இடம். போகும்போது நீங்கள் போடும் கிளவுஸில் ஒரு துண்டும், வீட்டில் பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் உறையில் ஒரு துண்டும் வெட்டி எடுத்துப் போங்கள். டியூட்டியில் மாற்றிவிட்டு வீட்டில் அதே ரப்பரைப் போட்டுக்கொண்டிருந்தேன் நான்.