கிளிநொச்சிக் கந்தோருக்கு 4கே மொனிற்றர்: தாராளமாக வாங்கலாம்

ஏ9 வீதியில் இருக்கிற எங்கள் சிறிய கந்தோரில் காணி வரைபடமும் தமிழ்த் தட்டச்சும்தான் நாள் முழுக்க வேலை, அதற்கு 27 அங்குல 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) மொனிற்றர் இரண்டை அருகருகே வைத்த பிறகு கண் எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. எழுத்துத்தான் பெரிய வித்தியாசம். 24 அங்குல முழு எச்டியில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகள், இதில் 163. சின்ன எழுத்தில் ‘கி’யா ‘கீ’யா என்று குனிந்து பார்க்கத் தேவையில்லை, மெய்யெழுத்தின் குற்றும் தெளிவாகத் தெரிகிறது. விண்டோஸில் அளவை 150 வீதத்தில் வையுங்கள், 100இல் எல்லாம் எறும்பு மாதிரி இருக்கும்.

வயரையும் லப்டொப்பில் அதைக் கொழுவுகிற இடத்தையும் கட்டாயம் கவனியுங்கள். எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள பழைய லப்டொப்பில் 4கே 30 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 30 தடவை படம் மாறுவது) மேல் போகாது, மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 இருக்க வேணும். ஒரு கடையில் கேட்டதற்கு "எல்லா வயரும் ஒண்டுதான் அண்ணை" என்றார்கள், அது பிழை.

மூன்று திரை தேவைப்படுபவர்களுக்கு 2560க்கு 1440 புள்ளிகள் உள்ள மொனிற்றர் போதும், விலையும் குறைவு. கரண்ட் போய்வருகிற இடம், ஆகவே மொனிற்றரையும் யூபிஎஸ்ஸிலேயே கொழுவுங்கள். எங்கள் மொனிற்றரின் கால் மட்டும் கொஞ்சம் ஆட்டம். பின்பக்கத்தில் வேசா துளைகள் (தாங்கி பூட்டுவதற்கான பொது அளவுத் திருகாணித் துளைகள்) இருந்தால் தாங்கு கை பூட்டிவிடலாம், மேசையிலும் இடம் மிச்சம்.